யார் சொல்லி வாங்கினார்கள்? முந்த்ரா விவகாரத்தில் நாடாளுமன்றம் கேட்ட கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

1957 ஜூன் மாதம் எல்.ஐ.சி. முந்த்ரா என்ற ஒரே மனிதரிடமிருந்து ஆறு கம்பெனிகளின் பங்குகளை வாங்கியது. எட்டே மாதத்தில் ஒன்றிய நிதியமைச்சர் பதவி விலகினார். இடைப்பட்ட மாதங்களில் மக்களவை என்ன செய்தது, எதைச் செய்ய முடியாமல் போனது என்பதை வரிசையாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். ஒரு நாடாளுமன்றம் தன் அரசிடம் எப்படிக் கணக்குக் கேட்கிறது என்பதை அறிய இந்தியாவில் இதைவிடத் தெளிவான நிகழ்வு இல்லை என்பது என் கருத்து.

வழக்கு முந்த்ரா விவகாரம் என்ற பெயரிலேயே அறியப்படுவதால் அந்தப் பெயரை விடவில்லை. விசாரணை அமைப்புகளும் அவற்றின் தலைவர்களின் பெயரால்தான் வழங்குகின்றன. மற்றவர்களைப் பதவியால் மட்டும் குறிக்கிறேன். யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதைவிட, எந்தப் பதவியில் இருந்தவர் எதற்குப் பொறுப்பு என்பதே இங்கே பேசவேண்டிய விஷயம்.

பின்னணி

1955 டிசம்பரில் மக்களவையில் ரேபரேலி உறுப்பினர் ஒருவர் காப்பீட்டு கம்பெனிகளைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். தனியார் முதலாளிகள் பாலிசிதாரர்களின் பணத்தை எடுத்துத் தங்கள் சொந்தத் தொழில்களில் எப்படிப் போட்டார்கள் என்பதைக் கணக்கோடு எடுத்துவைத்தார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டுத் தொழிலின் நிர்வாகத்தை அவசரச் சட்டத்தின் மூலம் அரசு எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. உருவானது. அரசு போட்ட மூலதனம் 5 கோடி ரூபாய். மற்றபடி அங்கே புழங்கிய பணம் முழுவதும் பாலிசிதாரர்கள் கட்டிய பிரீமியம்.

எல்.ஐ.சி. சட்டத்தில் இரண்டு காவல்கள் இருந்தன. முதலாவது, முதலீடுகளைப் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு முதலீட்டுக் குழு. இரண்டாவது, 21-ஆம் பிரிவு. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஒன்றிய அரசு எல்.ஐ.சி.க்கு வழிகாட்டலாம், ஆனால் எழுத்தில்தான் தரவேண்டும் என்கிறது அது. ‘எழுத்தில்’ என்ற அந்த நிபந்தனையை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவையின் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். 1957 தேர்தலில் 494 இடங்களில் 371-ஐ காங்கிரஸ் வென்றிருந்தது. எதிர்க்கட்சிகளில் பெரியதான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 27 உறுப்பினர்கள். அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர் கிடையாது. ஓட்டெடுப்பில் அரசைத் தோற்கடிக்கும் பேச்சுக்கே இடமில்லாத அவை அது.

1957 ஜூன்: நடந்தது என்ன

கல்கத்தாவைச் சேர்ந்த தொழிலதிபர் முந்த்ரா கடனில் மூழ்கியிருந்தார். பல கம்பெனிகளைக் கைப்பற்றியிருந்தவர், வாங்கிய கடனுக்கு ஈடாக அந்தக் கம்பெனிகளின் பங்குகளையே வைத்திருந்தார். போலிப் பங்குகளை விற்ற புகாரில் 1956-லேயே பம்பாய் பங்குச் சந்தையில் அவர் பெயர் அடிபட்டிருந்தது. விசாரித்திருந்தால் தரகர்களே சொல்லியிருப்பார்கள்.

ஜூன் மாதத்தில் அவர் நிதி அமைச்சகத்தின் முதன்மைச் செயலாளரைச் சந்தித்துத் தன் நிலையை விளக்கினார். அதைத் தொடர்ந்து சில நாட்களுக்குள் எல்.ஐ.சி. அவரிடமிருந்து பங்குகளை வாங்கியது. ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஆஞ்செலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் என்று ஆறு கம்பெனிகள். தொகை சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய். எல்.ஐ.சி. அதுவரை செய்திருந்த தனி முதலீடுகளோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. முதலீட்டுக் குழுவிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. வாங்கி முடித்த பிறகே குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டது. அரசிடமிருந்து எழுத்தில் எந்த உத்தரவும் இல்லை.

சட்டம் வைத்த இரண்டு காவல்களும் இப்படி ஒரே வாரத்தில் தாண்டப்பட்டன. இதை யாரும் பூட்டை உடைத்துச் செய்யவில்லை. மூத்த அதிகாரி ஒருவர் சொன்னார், இளைய அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். எல்.ஐ.சி.யின் தலைவரும் அரசுப் பணியிலிருந்து வந்தவர். நிதித்துறைச் செயலாளர் வாய்மொழியாகச் சொன்னதை மறுக்கும் பழக்கம் அந்தப் பணியில் இல்லை.

செப்டம்பர், நவம்பர்: கேள்விகளும் அவற்றின் எல்லையும்

விஷயம் முதலில் பத்திரிகைகளில் கசிந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் மக்களவையில் கேள்வியாக வந்தது. கான்பூரில் தலைமையிடம் கொண்ட தனியார் நிறுவனம் ஒன்றில் எல்.ஐ.சி. ஒரு கோடி ரூபாய் போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். கேள்வி கேட்டவரும் ஆளுங்கட்சிக்காரர்தான். கிடைத்த பதில் பிடி கொடுக்காத பதில். நவம்பர் கடைசியில் மறுபடி கேள்வி வந்தது. இந்த முறை சில விவரங்கள் வெளிவந்தன, ஆனால் யார் முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பது வரவில்லை.

கேள்வி நேரத்தின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு நாட்களிலும் தெரிந்துவிடுகின்றன. ஒரு கம்பெனி, ஓர் ஊர், ஒரு தொகை என்று குறுக்கிக் கேட்டால், அமைச்சகம் அந்தக் குறுக்கத்துக்குள்ளேயே நின்று பதில் சொல்லிவிட முடியும். ஆறு கம்பெனி என்று கேட்பவருக்குத் தெரியாதவரை, ஆறு கம்பெனி என்று சொல்லும் கட்டாயம் பதில் எழுதும் அதிகாரிக்கு இல்லை. அதே சமயம், அந்தக் கேள்விகள் வீணாகவும் இல்லை. அமைச்சர் அவையில் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் பதிவாகிவிட்டது. பிறகு ஆவணங்கள் வெளிவந்தபோது, அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாக்குமூலம் தயாராக இருந்தது. நடந்ததை முழுதாக மறைப்பதற்கும் பாதி சொல்வதற்கும் நடுவே நின்ற அந்தப் பதில்கள்தாம் பின்னால் அரசுக்குப் பெரிய சங்கடமாயின.

டிசம்பர் 16: ஆவணங்களோடு வந்த உறுப்பினர்

1955-ல் காப்பீட்டுக் கம்பெனிகளைப் பற்றிப் பேசிய அதே ரேபரேலி உறுப்பினர் 1957 டிசம்பர் 16 அன்று விவாதத்தைத் தொடங்கினார். காங்கிரஸ்காரர். பிரதமரின் மருமகன். எல்.ஐ.சி. உருவாகவே காரணமாக இருந்தவர்களில் ஒருவர். நாடாளுமன்றம் தான் படைத்த மிகப் பெரிய நிதி நிறுவனத்தின் மீது விழிப்போடு இருக்கவேண்டும் என்ற பொருளில் உரையைத் தொடங்கினார்.

அவர் எடுத்த முடிவு என்ன என்பதைக் கவனிக்கவேண்டும். மூன்றாவது முறையாகக் கேள்வி கேட்டு இன்னொரு மழுப்பல் பதிலை வாங்கும் வழியை அவர் விட்டுவிட்டார். எல்லா விவரங்களையும் தாமே சேகரித்துக்கொண்டு வந்து அவையின் முன் வைத்தார். எந்தக் கம்பெனியின் எத்தனைப் பங்கு, என்ன விலை, சந்தை விலையோடு ஒப்பிட்டால் எவ்வளவு அதிகம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அமைச்சகத்துக்குள் நடந்த தகவல் பரிமாற்றங்களும் அவருக்குத் தெரிந்திருந்தன. கேட்பவருக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் மழுப்பல் பதில் பிழைக்கிறது. அந்த நம்பிக்கை அன்று போய்விட்டது.

அவர் ஆளுங்கட்சியின் வரிசையில் உட்கார்ந்து பேசியதும் சாதாரண விஷயமல்ல. இதையே எதிர்க்கட்சி உறுப்பினர் பேசியிருந்தால், 371 பேர் மேசையைத் தட்டி அடக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். சொந்தக் கட்சிக்காரரே ஆதாரத்தோடு எழுந்து நிற்கும்போது அப்படிச் செய்ய வழியில்லை. அரசியலமைப்பின் 105-ஆவது பிரிவு அவையில் பேசும் சுதந்திரத்தை எல்லா உறுப்பினர்களுக்கும் தந்திருக்கிறது. அதை ஆளுங்கட்சி உறுப்பினர் பயன்படுத்தும்போது கிடைக்கும் பலன் பல மடங்கு.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், அதிகம் பேசப்படாதது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளுக்கு அவதூறு வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரும் சட்டம் 1956-ல்தான் வந்தது. அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவரும் இதே உறுப்பினர். அந்தச் சட்டம் இல்லாமல் இருந்தால், டிசம்பர் 16-ஆம் தேதி உரையை வரிக்கு வரி அச்சிட எத்தனைப் பத்திரிகை ஆசிரியர்கள் துணிந்திருப்பார்கள்? அவைக்குள் பேசுபவருக்குப் பாதுகாப்பு இருந்து, அதை வெளியே கொண்டுபோகிறவருக்கு இல்லையென்றால் அந்தப் பேச்சு நான்கு சுவருக்குள்ளேயே தங்கிவிடும். நெருக்கடி நிலையின்போது இந்தச் சட்டம் நீக்கப்பட்டதையும், 1977-ல் மீண்டும் வந்ததையும் சேர்த்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

அரசு எடுத்த முடிவு: நீதிபதி விசாரணை

அரசின் முன் சில வழிகள் இருந்தன. துறைக்குள்ளேயே விசாரித்து அறிக்கை தருவது ஒன்று. நாடாளுமன்றக் குழு ஒன்றிடம் ஒப்படைப்பது இன்னொன்று. ஆனால் எல்.ஐ.சி. போன்ற கழகங்களை மட்டும் கவனிக்கும் நிலையான குழு அப்போது அவைக்கு இல்லை. பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும்தான் இருந்தன. துறைக்குள் விசாரித்தால், குற்றம் சாட்டப்பட்ட துறையே தன்னைத் தானே விசாரித்ததாகிவிடும்.

ஆகவே 1958 ஜனவரியில், 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் கீழ், பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளாவை ஒரு நபர் ஆணையமாக அரசு நியமித்தது. அவர் எடுத்த இரண்டு முடிவுகள் எல்லாவற்றையும் மாற்றின. விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். கூட்டம் தாங்காமல் அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி வைக்கும் நிலை வந்தது. அடுத்தது, விசாரணையை இழுக்கவில்லை. பிப்ரவரி 10-ஆம் தேதி அறிக்கை கைக்கு வந்துவிட்டது. நியமித்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. ஆண்டுக்கணக்கில் நீண்டு, யார் எதற்குக் கேட்டார்கள் என்பதே மறந்துபோன பிறகு அறிக்கை தரும் ஆணையங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்பமுடியாத வேகம்.

விசாரணையில் தெரிந்தவை

நிதியமைச்சர், முதன்மைச் செயலாளர், எல்.ஐ.சி.யின் தலைவர், நிர்வாக இயக்குநர், ரிசர்வ் வங்கி கவர்னர், ஸ்டேட் வங்கித் தலைவர் என்று நாட்டின் நிதி நிர்வாகமே சாட்சிக் கூண்டில் ஏறியது. அங்கே வெளிவந்த படம் இது.

எல்.ஐ.சி. அதிகாரிகள், அரசு சொன்னதால் வாங்கினோம் என்றார்கள். செயலாளர், அமைச்சருக்குத் தெரிந்துதான் நடந்தது என்றார். அமைச்சர், தாம் ஒப்புதல் தரவில்லை என்றார். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், காகிதத்தில் எதுவும் இல்லை. 21-ஆம் பிரிவு சொன்னபடி ஓர் எழுத்து உத்தரவு இருந்திருந்தால் விசாரணை அரை நாளில் முடிந்திருக்கும். அதற்கு முன்பே, அப்படி ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட யாராவது முன்வந்திருப்பார்களா என்பதே சந்தேகம். கையெழுத்துப் போடவேண்டும் என்றாலே பாதித் தவறுகள் நடக்காமல் போகும்.

கல்கத்தா பங்குச் சந்தை சரிந்து கிடந்தது, அதைத் தூக்கிவிடவே வாங்கினோம் என்று ஒரு விளக்கம் தரப்பட்டது. ஆணையம் அதை ஏற்கவில்லை. சந்தையைத் தூக்கவேண்டுமென்றால் பலருடைய பலவகைப் பங்குகளை வாங்கியிருக்கவேண்டும். ஒரே ஒருவரின் பங்குகளை, அவரோடு நேரடியாகப் பேசி வாங்கினால் தூக்கிவிடப்படுவது சந்தை அல்ல, அந்த ஒருவர்தான்.

அமைச்சரின் பொறுப்பைப் பற்றி ஆணையம் சொன்னதே இந்த நிகழ்வின் மையம். அமைச்சர் பொறுப்புக்கு இரண்டு முகங்கள் உண்டு என்றார் சாக்ளா. தன் துறைக்குள் அமைச்சருக்கு முழு அதிகாரம் உண்டு. அதனாலேயே தன் கீழ் உள்ளவர்கள் செய்ததற்கும் முழுப் பொறுப்பு அவருடையது. செயலாளர் செய்துவிட்டார் என்று சொல்லி அமைச்சர் ஒதுங்க முடியாது. இதைக் கடுமை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செயலாளரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கவில்லை, அவையில் அழைத்து நிறுத்திக் கேள்வி கேட்கவும் வழியில்லை. அவை கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் அமைச்சர். அவரும் ‘நானல்ல’ என்று சொல்லிவிட்டால், அந்த முடிவுக்குப் பதில் சொல்ல அவைக்குள் ஆளே இல்லாமல் போகிறது.

அமைச்சர்கள் நாடாளுமன்றத்தை முதல் கட்டத்திலேயே நம்பிக்கைக்கு உரியதாக எடுத்துக்கொண்டு எல்லா விவரங்களையும் முன்வைக்கவேண்டும் என்றும் ஆணையம் சொன்னது. செப்டம்பர் மாதப் பதிலை நினைத்துப் பார்த்தால் இது யாருக்குச் சொன்னது என்று புரியும். எல்.ஐ.சி.யின் பணம் பாலிசிதாரர்களின் நலனுக்காக மட்டுமே பயன்படவேண்டும், அரசு தன்னாட்சி பெற்ற கழகங்களின் அன்றாட முடிவுகளில் தலையிடக்கூடாது, தலையிட்டால் எழுத்தில் தலையிடவேண்டும் என்பதும் அறிக்கையின் சாரம்.

தொடர்ந்து நடந்தவை

நிதியமைச்சர் பிப்ரவரியில் பதவி விலகினார். அவர் சென்னைக்காரர், தொழில் நடத்தித் தெரிந்தவர், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பணம் தேடும் பெரும் சுமையைத் தாங்கியவர். தமிழ்நாட்டில் அன்று பலருக்கு இது வருத்தமான செய்தி. அந்த வருத்தம் நியாயமானது. பதவி விலகல் தேவையில்லை என்று அதனால் ஆகிவிடாது. தனிப்பட்ட முறையில் ஆதாயம் அடைந்தவர் என்று அவரை யாரும் சொல்லவில்லை. பொறுப்பு என்பது ஆதாயத்தோடு சேர்ந்ததல்ல, பதவியோடு சேர்ந்தது. நிதித்துறையைப் பிரதமரே எடுத்துக்கொண்டு, அந்த மாதக் கடைசியில் பட்ஜெட்டைத் தாமே அளித்தார். அவைக்கு ஆணைய அறிக்கை வந்தது, விவாதம் நடந்தது.

அதிகாரிகளின் நடத்தையை விசாரிக்க நீதிபதி விவியன் போஸ் தலைமையில் தனிக்குழு அமைந்தது. முதன்மைச் செயலாளர் அரசுப் பணியை விட்டு விலகினார். 1977-ல் அவரே நாட்டின் நிதியமைச்சரானார். பதவி விலகிய அமைச்சர் 1962-ல் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963-ல் மீண்டும் நிதித்துறைக்கே வந்தார். இதைப் பார்த்து, பிறகு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பதவி விலகல் ஆயுள் தண்டனை அல்ல, அது அவைக்குத் தரும் பதில். பதில் சொன்னவர் மறுபடி மக்களிடம் போய் வென்று திரும்பலாம். முந்த்ரா சிறைக்குப் போனார். ஆறு கம்பெனிகளில் ஜெஸ்ஸாப்பும் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸும் பின்னாளில் அரசு நிறுவனங்களாயின.

அமைப்பில் வந்த மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. பொதுத்துறை நிறுவனங்களைக் கவனிக்க நாடாளுமன்றத்துக்குத் தனிக்குழு வேண்டும் என்ற கோரிக்கை 1953-லேயே மக்களவையில் எழுந்திருந்தது. அந்தக் குழு 1964 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. எல்.ஐ.சி.யும் அதன் பார்வைக்குள் வந்தது. ஒரு நிதியமைச்சரையே இழந்த பிறகும் ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன என்பது இந்த நிகழ்வில் நாடாளுமன்றத்தின் மீதே வைக்கவேண்டிய குறை.

இன்று என்ன மாறவேண்டும்

இந்த நிகழ்வில் நாடாளுமன்றம் வென்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்குப் பாதி உடன்பாடுதான். தவறு நடந்த ஜூன் மாதத்துக்கும் உண்மை அவைக்கு வந்த டிசம்பருக்கும் இடையே ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தை உடைத்தது எந்த விதியும் அல்ல, துணிந்த ஓர் உறுப்பினர். அப்படி ஒருவர் அவையில் உட்கார்ந்திருக்காவிட்டால்?

முதல் தேவை, பொதுத்துறை நிறுவனங்களுக்கு அரசு தரும் ஒவ்வொரு வழிகாட்டலும் எழுத்தில் இருப்பதோடு, குறிப்பிட்ட காலத்துக்குள் அவையின் மேசையில் வைக்கப்படவேண்டும். எழுத்தில் தரவேண்டும் என்று மட்டும் சட்டம் சொன்னபோது வாய்மொழி உத்தரவு எப்படி நுழைந்தது என்பதை 1957 காட்டிவிட்டது. வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை நிறைவேற்றும் அதிகாரி, தன் கோப்பில் அன்றே அதைக் குறித்து, சொன்னவருக்கு நகல் அனுப்பும் கடமையும் சேர்ந்தால்தான் அந்தச் சட்டத்துக்குப் பல் முளைக்கும்.

அடுத்தது அவை கூடும் நாட்கள். முதலாவது மக்களவை தன் ஐந்தாண்டுகளில் 677 நாட்கள் கூடியது. 17-ஆவது மக்களவை 274 நாட்கள். செப்டம்பரில் ஒரு கேள்வி, நவம்பரில் ஒன்று, டிசம்பரில் விவாதம், பிப்ரவரியில் அறிக்கை என்று விஷயத்தை விடாமல் துரத்த முடிந்தது அவை அடிக்கடி கூடியதால்தான். 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே நீக்கப்பட்டது. முந்த்ரா விவகாரம் கேள்வி நேரத்தில்தான் தொடங்கியது என்பதை அறிந்தவர்களுக்கு அது சிறிய விஷயமாகத் தோன்றியிருக்க முடியாது.

கட்சிக் கட்டுப்பாடு இன்னொரு சிக்கல். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியைப் பறிக்கிறது. ஆதாரத்தோடு பேசுவதை அது தடுக்கவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் சீட் கிடைக்குமா என்று கணக்குப் பார்க்கும் உறுப்பினருக்கு, ஓட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே உள்ள அந்தக் கோடு கண்ணில் படுவதில்லை. அரசின் உயிரைத் தீர்மானிக்கும் நம்பிக்கை ஓட்டு, பண மசோதா ஆகியவற்றுக்கு மட்டும் கொறடா உத்தரவு பொருந்தும் என்று சட்டத்தைச் சுருக்கினால், ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மற்ற விஷயங்களில் தங்கள் அரசிடமே கணக்குக் கேட்க ஓரளவு இடம் கிடைக்கும்.

கேள்விகளுக்கான பதில்களைப் பற்றியும் ஒரு விதி வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக் கேட்காததை மறைத்தது பின்னால் ஆவணத்தால் தெரியவந்தால், அந்தப் பதிலை அவையின் குழு ஒன்று தானாகவே எடுத்து ஆராயவேண்டும். எந்த உறுப்பினரும் புகார் கொடுக்கவேண்டும் என்று காத்திருக்கக்கூடாது. அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குறுதிகளைக் கண்காணிக்க ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறது. இந்த வேலையையும் அதனிடமே கொடுக்கலாம், புதிய குழு தேவையில்லை.